தெரிந்த ஒரு சொல்

பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில்
'ஜப்பானியப் பண்பாடு, வரலாறு, இயற்கை' என்று எழுதி
முத்திரை குத்தினார் தலைமையாசிரியை.
தொலைவு என்ற கட்டத்தில்: பதினான்கு கிலோமீட்டர்.

ஆரம்பாக்கம் கடந்ததும் சோதனைச்சாவடி.
அதற்கப்பால் பெயர்ப்பலகைகளில்
எழுத்தெல்லாம் கோலிக்குண்டாய் உருண்டுகொண்டது.
"ஃபாரின் வந்துட்டோம் சார்" என்றான் தேசிங்கு.
எண்ணினேன். நாற்பத்துமூன்று தலை,
அதில் ஒன்று ஜன்னலுக்கு வெளியே, வாந்தி.

கார் இருக்கை தைக்கிற தொழிற்சாலை.
வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்;
அது நமக்குத் தெரிந்த பண்பாடு.
கழற்றியதும் வேறு செருப்பு தந்தார்கள்.
இதற்கு என் கையேட்டில் விடை இல்லை.
எல்லாம் பெரியவர் அளவு.
பளபளத் தரையில் எட்டாம் வகுப்பு
தப்புத் தப்பென்று வாத்துநடை போனது.

ஹிராவோகா அம்மையார் ஜப்பானியத்தில் பேச
ஹர்ஷா அதைத் தெலுங்கில் சொல்ல
நான் தமிழில் சொன்னேன்.
ரயில் நீளத்துக்குப் புறப்பட்ட வாக்கியம்
என் வாய்க்கு வந்து சேரும்போது மிதிவண்டி.

காகிதத்தில் கொக்கு மடித்தோம்.
"கால் எங்க?" என்றாள் ஜெயசித்ரா.
ஏரியில் பூநாரை பார்த்து வளர்ந்தவள்
காலில்லாப் பறவையை ஒப்புக்கொள்ளவில்லை.
மூலைத் துடைப்பத்தில் இரண்டு ஈர்க்குச்சி உருவிச்
செருகினாள். நின்றது.
அம்மையார் அதை வாங்கிக் கண்ணாடி அலமாரியில்
கம்பெனிக் கோப்பைகளுக்கு நடுவே வைத்தார்.

"ஜப்பானியச் சொல் ஏதாவது தெரியுமா?"
கராத்தே, என்றது முதல் வரிசை.
சுடோகு.
ஒருவன் சுசுகி என்றான்,
போகட்டும் என்று விட்டுவிட்டேன்.
கடைசி வரிசையிலிருந்து நிரோஷா:
"சுனாமி."

அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை.

"அது ஜப்பான் வார்த்தையா சார்?
எங்க அட்ரஸ்லயே இருக்கே" என்றான் பக்கத்துப் பையன்.
கதவு எண் பதினேழு, சுனாமி குடியிருப்பு.
ரேஷன் கார்டில், ஆதாரில்,
என் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்
பதினொரு பெயர்களுக்கு நேரே.
அலை வந்த வருடம் இவர்களில் ஒருவரும் பிறக்கவில்லை.
பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தால்
நான் கொஞ்சம் வேகமாகத்தான் திருப்புவேன்.

பலகையில் இரண்டு எழுத்து வரைந்தார் அம்மையார்.
முதலாவது துறை. அடுத்தது அலை.
நிரோஷா இரண்டையும் நோட்டு அட்டையில்
தன் முகவரிக்கு மேலே வரைந்துகொண்டாள்.

அவருடைய ஊரில், மலைச்சரிவில் ஒரு கல் இருக்கிறதாம்.
'இதற்குக் கீழே வீடு கட்டாதே' என்று
எந்தக் காலத்திலோ செதுக்கி நட்டது.
"கட்டாம இருந்தாங்களா?" என்றான் தேசிங்கு.
கேள்வி தெலுங்குக்குப் போய்,
ஜப்பானியத்துக்குப் போய்,
திரும்பி வந்தபோது ஒரே சொல்:
"கட்டினோம்."

பின்பக்கம் தோட்டம் என்றார்கள்; செடியே இல்லை.
வெள்ளைச் சரளை, மூன்று பாறை,
சரளையில் சீப்பு இழுத்த கோடுகள்.
இதுதான் கடல், அமைதியாகப் பாருங்கள்.
பார்த்தார்கள்.
"அலையெல்லாம் ஒரே சைஸு."
"இந்தக் கடல்ல எறா கூட மாட்டாது."

நிரோஷா என் சட்டைக் கையை இழுத்தாள்.
"எங்கம்மா வாருனது சார்.
காலைல ஆறு மணி ஷிஃப்ட்டு.
கடலை வாரிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போகும்.
கிண்டல்னு நெனச்சேன்."

ஒரு காலடித் தடம்கூட இல்லையே, எப்படி என்றேன்.

"பின்னாலயே நடந்து வரணுமாம் சார்.
கடலுக்கு முதுகு காட்டாம."

இதை நான் ஹர்ஷாவிடம் சொல்லவில்லை.
பேருந்தில் ஏற்றினேன், எண்ணினேன்.
நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன்.
வாசல் படிக்கட்டில் ஜெயசித்ரா இன்னும்
ஒரே மாதிரி நீலச் செருப்புகளுக்குள்
தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள்.